கொழும்பில் இருக்கக் காரணம் வேண்டுமா?

2007 ஜூன் 7, வியாழக்கிழமை. பொழுது விடியுமுன்னரே கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பக்கத்து லொட்ஜ்களின் கதவுகளைப் பொலிஸார் தட்டினார்கள். அறை அறையாக ஆட்களை எழுப்பி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். எந்த ஊர், எப்போது வந்தது, என்ன அலுவல் என்று கேட்டார்கள். பதில் போதாது என்று பட்டவர்களை வெளியே நின்ற பஸ்களில் ஏற்றினார்கள். அன்று தலைநகரை விட்டு அனுப்பப்பட்ட தமிழர்கள் 376 பேர். பெரும்பாலானோர் இறக்கிவிடப்பட்டது வவுனியாவில்.

பொலிஸ் மாஅதிபர் விக்டர் பெரேரா சொன்ன விளக்கம் சுருக்கமானது: தகுந்த காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருப்பவர்களை அவரவர் ஊருக்கு அனுப்புகிறோம். அந்த நாட்களில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன என்பதை மறுக்க முடியாது. குண்டு வைக்க வந்தவன் லொட்ஜில் தங்கியிருப்பான் என்று பொலிஸ் நினைத்ததிலும் வியப்பில்லை. சந்தேகம் இருந்தால் கைது செய்யலாம், விசாரிக்கலாம், நீதவான் முன் நிறுத்தலாம். அவசரகாலச் சட்டம் அதற்கான அதிகாரத்தை அள்ளியே கொடுத்திருந்தது. ஆனால் இந்த 376 பேரும் சந்தேக நபர்களாகக் கைதானவர்கள் அல்லர். அவர்கள் செய்த பிழை, கொழும்பில் இருந்தது.

மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை ஏற்று, இனி ஒருவரையும் இப்படி வெளியேற்றக்கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். இலங்கை அரசியலில் இது அபூர்வம், சொல்லித்தான் ஆகவேண்டும். பலர் திரும்பி வந்தார்கள். அரசியலமைப்பின் 14(1)(எச்) உறுப்புரை, நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை தருகிறது. அந்த உறுப்புரையில் ‘காரணம்’ என்றொரு நிபந்தனையே இல்லை.

பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ மட்டும் வருந்தவில்லை. பிடித்து அடைத்து வைப்பதைவிட, கொழும்பில் உங்களுக்கு அலுவல் இல்லை, ஊருக்குப் போங்கள் என்று சொல்வது நல்லதுதானே என்ற தொனியில் வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் நியாயம் சொன்னார். இந்த நாட்டுப் பிரஜைகள் தலைநகரில் இருப்பதற்கு நியாயம் கேட்ட அந்த அதிகாரி, அப்போது அமெரிக்கக் குடியுரிமையும் வைத்திருந்தார்.

லொட்ஜில் இருந்தவர்கள் யார்?

போர்க்காலத்து லொட்ஜைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பழைய வீடொன்றைப் பலகை வைத்துத் தடுத்துப் பத்துப் பன்னிரண்டு அறைகளாக்கியிருப்பார்கள். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் நாலு ஆணி. குளியலறைக்கு வரிசை. வாசலில் மனேஜரின் மேசை. மேசையில் நீளமான பதிவுக் கொப்பி. கொப்பிக்குள் அடையாள அட்டைகளின் போட்டோக் கொப்பிகள். பக்கத்தில் ஒரு தொலைபேசி, அதைச் சுற்றி எப்போதும் யாராவது. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ ‘கோல்’ வருமென்று காத்திருப்பவர்கள்.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருவதென்றால் கப்பல் அல்லது விமானம். இரண்டுக்கும் படையினரின் அனுமதி. வந்தவர் நினைத்தவுடன் திரும்ப முடியாது. பெரியாஸ்பத்திரியில் கிளினிக், தூதரகத்தில் நேர்முகம், பிள்ளையின் சோதனை, ஏஜென்ரின் அழைப்பு என்று எதற்கு வந்தாலும் நாட்கள் கிழமைகளாகி, கிழமைகள் மாதங்களாகும். கடவுச்சீட்டு எடுக்கக்கூடத் தலைநகருக்குத்தான் வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்கொரு அலுவலகம் திறக்கப்பட்டது 2025 செப்டெம்பரில்தான். பாதையை மூடி ஆட்களைக் கொழும்பில் தேங்கவைத்த அரசே, ஏன் தேங்கி நிற்கிறீர்கள் என்று கேட்டது.

லொட்ஜில் இருந்தவர்கள்தான் அகப்பட்டார்கள் என்று வீட்டுக்காரர்கள் நிம்மதி கொள்ளவும் முடியாது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலும் அந்தக் காலத்தில் வீட்டுக்கொரு பொலிஸ் பதிவுத் துண்டு இருந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயர், அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, வந்த நோக்கம், கீழே பொலிஸ் நிலைய முத்திரை. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலோ சாமிப்படத்துக்குப் பின்னாலோ அது இருக்கும். கலியாண வீட்டுக்கு ஊரிலிருந்து மாமி வந்தால், மாமியின் பெயரைப் பதிய முதலில் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். கோயிலுக்குப் போவது பிறகு. பதியாமல் ஒரு இரவு தங்கியவரைச் சுற்றிவளைப்பில் பிடித்தால், வீட்டுக்காரரும் சேர்ந்து ஜீப்பில் ஏறவேண்டியிருக்கும். வடக்கு கிழக்கில் எடுத்த பழைய அட்டையில் சிங்களத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கும். சோதனைச் சாவடியில் சிப்பாய் பெயரை வாசிக்கத் தேவையில்லை, அட்டையைப் பார்த்தாலே போதும்.

2008 செப்டெம்பரில் இதையே அரசு பெரிதாகச் செய்தது. வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்து முந்திய ஐந்து ஆண்டுகளில் மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் குறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்யவேண்டும் என்று அறிவித்தார்கள். ஆட்கள் வரிசையில் நின்று பதிந்தார்கள். அந்த வரிசையில் நின்ற மூத்தவர்கள் பலரின் மனதில் ஓடியது 1983. அந்த ஜூலையில் கொழும்பில் வீடு வீடாக வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததைக் கண்டவர்கள் அவர்கள். பட்டியலில் பெயர் கொடுக்கச் சொன்னால் இந்த நகரத்துத் தமிழருக்கு வயிற்றைக் கலக்குவது ஏனென்று சிங்கள நண்பர்கள் சிலருக்கு இன்னும் விளங்குவதில்லை.

அதே மாதத்தில்தான் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா கனடியப் பத்திரிகையொன்றுக்கு, இது சிங்களவரின் நாடு, சிறுபான்மையினர் எங்களோடு வாழலாம், ஆனால் தகாததைக் கேட்கக்கூடாது என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். பதினாறு மாதம் கழித்து, 2010 ஜனவரியில், வடக்கும் கிழக்கும் ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கே பெருவாரியாக வாக்களித்தன. அரசியல் சில வேளைகளில் இப்படியும் சிரிக்கவைக்கும்.

மில் வாசலில் தொடங்கியது

வந்தவர் யார், இருந்தவர் யார் என்ற இந்தச் சண்டையைப் போர் கொண்டுவரவில்லை. அது வெள்ளவத்தைக்கு வந்தது 1930களில். அப்போது அங்கே தமிழ் மத்தியதர வர்க்கத்தின் தொடர்மாடிகள் இல்லை. வெள்ளவத்தை நெசவாலை இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்தவர்கள், அதிலும் மலையாளிகள் ஏராளம். 1933இல் அவர்கள் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள், பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியைக் கட்டியவர்கள், அவர்களோடு நின்றார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரு முதலாளியல்ல. கொழும்புத் தொழிற்சங்க இயக்கத்தின் தந்தை எனப்பட்ட ஏ. ஈ. குணசிங்க.

இந்தக் குணசிங்கவின் கதையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 1923 பொது வேலைநிறுத்தத்தில் சிங்களவர், தமிழர், மலையாளி என்று பாராமல் தொழிலாளரைத் திரட்டியவர் அவர். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று, யாழ்ப்பாணத்து மேட்டுக்குடித் தலைவர்கள் முகம் சுளித்த காலத்தில், வாதாடியவர். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலை குறைந்தது. துறைமுகத்திலும் மில்லிலும் வேலையிழந்த சிங்களத் தொழிலாளியிடம், உன் வேலையை எடுத்தவன் மலையாளி என்று சொல்வது, முதலாளி என்று சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது. 1930களின் நடுப்பகுதியில் மலையாளிகளின் கடைகளைப் பகிஷ்கரிக்கும் இயக்கத்துக்கு அவரே தலைமை கொடுத்தார். கொழும்பின் குடியேறி எதிர்ப்பு அரசியலைத் தொழிலாளர் தலைவர் ஒருவர் தொடக்கிவைத்தார் என்பது கசப்பான உண்மை. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிகளுக்கு எதிராகத் தொழிலாளரின் பெயரில் பேசுகிறவர்களின் வாதத்தில் குணசிங்க சொல்லாதது அதிகம் இல்லை.

1939இல் அரசாங்கமே அந்தப் பாதையில் இறங்கியது. 1934 ஏப்ரலுக்குப் பின் அரச திணைக்களங்களில் சேர்ந்த இந்தியத் தினக்கூலிகளை வேலைநீக்க முடிவெடுத்தது. ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தார், பலனில்லை. ஓகஸ்ட் 1 முதல் இந்தியா தன் தொழிலாளர் இலங்கை போவதைத் தடை செய்தது. நேரு வந்த கையோடு பிறந்ததுதான் இலங்கை இந்தியக் காங்கிரஸ்.

குடியுரிமை பறிபோன விதம்

சுதந்திரம் கிடைத்து ஒன்பது மாதம் ஆகுமுன்பே வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனோ, பேரனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததைக் காட்டவேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பதிவு எழுதினார்கள்? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தள்ளப்பட்டன. தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் எடுத்தது. இந்திய வம்சாவளியினர் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் எந்த நாட்டவரும் அல்லாதவர் ஆனார்கள்.

இதைத் தோட்டத்துக் கதையென்று கொழும்பில் பலர் நினைக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் அப்படி நினைக்க முடியாது. துறைமுகக் கூலிகள், நகரசுத்தித் தொழிலாளர், சலவைத் தொழிலாளர், சிகையலங்காரக் கடைக்காரர், செட்டியார் தெருவின் கணக்கப்பிள்ளைகள் என்று ஜம்பட்டா வீதியைச் சுற்றியிருந்த எத்தனையோ குடும்பங்கள் அதே சட்டத்தில் மாட்டிக்கொண்டன. வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தற்காலிக வதிவிட அனுமதியோடு இழுபட்டுக் கடைசியில் ஊர் திரும்பினார்கள். இன்று அந்தத் தெருவில் மின்னுவது நகைக்கடைகள். கதிரேசன் கோயில்கள்தான் அவர்கள் இருந்ததற்குச் சாட்சி.

இந்த விவகாரத்தில் தமிழ்த் தலைமையின் நடத்தை மெச்சத்தக்கதல்ல. ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார், பிறகு அமைச்சரானார், அடுத்த சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத் தமிழருக்கு நடந்தது நாளை நமக்கும் நடக்கும் என்பது அவரது வாதம். ஆனால் யாழ்ப்பாணத்துச் சாதாரண வீடுகளில் அந்த வாதம் எடுபடப் பல ஆண்டுகள் சென்றன. ‘கள்ளத்தோணி’ என்ற வசையைச் சிங்களவர் மட்டும் பாவித்தார்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது.

1952 ஏப்ரல் 28 அன்று இலங்கை இந்தியக் காங்கிரஸ், எஸ். தொண்டமானின் தலைமையில், கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன்னால் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தது. நாலு மாதத்துக்கு மேல் நீடித்த போராட்டம் அது. அதற்கிடையில் பொதுத்தேர்தலும் வந்து போனது. 1947 பாராளுமன்றத்தில் ஏழு பேரை வைத்திருந்த அந்தக் காங்கிரஸுக்கு இப்போது ஒருவரும் இல்லை. வாக்காளரே இல்லாதபோது உறுப்பினர் எங்கிருந்து வருவார்? இந்த நகரத்தின் நீண்ட போராட்டங்களில் ஒன்றான இதை இன்று நினைவுகூரும் பலகைகூட எதையும் நான் கண்டதில்லை. 1956 காலிமுகத்திடல் சத்தியாக்கிரகத்தின் அடியும் இரத்தமும் நினைவில் நிற்கின்றன. அடிபடாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களை நகரம் மறந்துவிட்டது.

அதன் பிறகு ஆட்கள் அல்ல, தொகைகள் பேசப்பட்டன. 1964 ஒக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பிறகு பார்க்கலாம். பத்தாண்டு கழித்து அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கடைசி ஆளுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. சட்டம் வந்து நாலு வருடத்தில் ஜூன் 7.

ஒரே திடல், இரண்டு கூட்டங்கள்

1956 ஜூன் 5, தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாள். அந்நாளைய பாராளுமன்றத்துக்கு எதிரே காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் வந்து அடித்தது, பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. மண்டை உடைந்த அ. அமிர்தலிங்கம் கட்டோடு சபைக்குள் போனார். பிரதமர் பண்டாரநாயக்க அதைப் போர்க்காயம் என்று கேலி பண்ணினார். வெளியே திடலில் அடி, உள்ளே சபையில் சிரிப்பு.

2022 ஏப்ரல் 9 முதல் அதே திடலில், அப்போது ஜனாதிபதியாக இருந்த கோட்டாபயவைப் போகச் சொல்லும் ‘கோட்டா கோ கம’. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்த சிங்கள இளைஞர்கள் கூடாரம் போட்டார்கள். தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. மு. நல்லதம்பி மொழிபெயர்த்த அந்தத் தமிழ் வடிவம் 2016 சுதந்திர தின விழாவில் ஒலித்து, 2020இல் கோட்டாபய ஆட்சியில் மேடையிலிருந்து இறக்கப்பட்டிருந்தது. மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காகத் திடலில் விளக்கேற்றிக் கஞ்சி கொடுத்தார்கள்; சிங்கள இளைஞர்களும் வாங்கிக் குடித்தார்கள். 2009இல் அதே மாதத்தில், போர் வெற்றியைக் கொண்டாடிக் கொழும்பு வீதிகளில் பாற்சோறு பரிமாறப்பட்டதைக் கண்ட எவருக்கும் அது சின்ன விஷயமாகப் பட்டிருக்காது.

ஆனால் வடக்கு அந்த எழுச்சியில் பெரிதாகப் பங்கெடுக்கவில்லை. ஏன் வரவில்லை என்று தெற்கு கேட்டது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியும் கொஞ்ச எண்ணெயும் விட்டுப் பிள்ளைகள் படித்த காலம். அப்போது இந்தத் திடலில் யாரும் கூடாரம் போடவில்லை என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். இது பழிவாங்கும் பேச்சு என்று சிலர் கோபித்தார்கள். எனக்கு அது நியாயமான தயக்கமாகவே பட்டது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழர் பலர் மாலையில் திடலுக்குப் போய்ப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், கோஷமும் போட்டார்கள்; கூடாரத்தில் படுக்கத் துணிந்தவர் குறைவு. தமிழன் அகப்பட்டால் போடுவது பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ற கணக்கு எல்லோர் மனதிலும் இருந்தது. அடுத்த ஆண்டே பொரளையில் நடந்த முள்ளிவாய்க்கால் நினைவேந்தலை ஒரு கூட்டம் வந்து குழப்பியது. ஆக அந்தக் கணக்கு பிழையல்ல.

அந்த எழுச்சி ஜூலையில் கோட்டாபயவை நாட்டை விட்டு ஓட்டியது. மாலைதீவு, பிறகு சிங்கப்பூர். சிங்கப்பூர் அவருக்குக் கொடுத்தது பதினாலு நாள் தங்கும் அனுமதி. புகலிடம் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை, தனிப்பட்ட பயணம் என்று அந்நாட்டு வெளிவிவகார அமைச்சு சொன்னது. பிறகு அனுமதியை நீட்டினார்கள், முடிந்ததும் தாய்லாந்து. எப்போது வந்தீர், எத்தனை நாள், என்ன அலுவல்: லொட்ஜ் வாசலில் கேட்கப்பட்ட அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி வாழ்ந்த அந்த ஐம்பது நாட்களை அவர் எப்படிக் கழித்தாரோ. செப்டெம்பரில் திரும்பி வந்தார். பிரஜை தன் நாட்டுக்குத் திரும்பும் உரிமையும் அதே 14ஆம் உறுப்புரையில்தான் இருக்கிறது, அடுத்த எழுத்தில். அவரை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது.

நாம் கேட்கும் கேள்வி

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் துரத்தினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களில் ஒரு பகுதியினர் கொழும்புக்கும் வந்தார்கள். ஜூன் 7ஐப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் இந்த ஒக்டோபர் அநேகமாக இடம்பெறுவதில்லை. இடம்பெறவேண்டும். அளவிலும் கொடுமையிலும் அது இதைவிடப் பெரியது.

அதற்குத் துவக்கு வைத்திருந்தவர்கள் காரணம் என்று கைகழுவலாம். வாடகை வீட்டுக்கு யார் காரணம்? வெள்ளவத்தையில் இன்று தமிழரின் கடைகளில், சாப்பாட்டுக் கடைகளில், துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகளில் கணிசமானோர் ஹற்றன், நுவரெலியா, பதுளைப் பக்கத்தவர்கள். அவர்களில் ஒருவர் அறை தேடி ஒரு வீட்டுக்கு ‘கோல்’ எடுத்தால் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும். “தம்பி எந்த ஊர்?” “ஹற்றன்ங்க.” “ஓ… சொந்த இடமே அதுதானோ?” “ஆமாங்க.” “இல்லைத் தம்பி, ஒரு ஆள் ஏற்கெனவே பார்த்திட்டுப் போனவர். சரிவராட்டில் சொல்லுறன்.” பிறகு அழைப்பு வராது. யாழ்ப்பாணத்தவர் என்றால் ஊர், அதற்குப் பிறகு குறிச்சி, அதற்குப் பிறகு கோயில் என்று கேள்வி இறங்கிப் போகும். அது சாதி அறியும் வழி. காரணம் கேட்பதில் பொலிஸைவிட நாம் நாகரிகமானவர்கள், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை இந்த விஷயத்தில் வேறுமாதிரி. துறைமுகத்தின் பின்வாசல் அது. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள், அதை மறைக்க யாரும் மினக்கெடுவதில்லை. புனித லூசியாள் பேராலயம், கொச்சிக்கடை அந்தோனியார், பொன்னம்பலவாணேசர், தீபதுத்தாராம விகாரை எல்லாம் நடந்து போகும் தூரத்தில். அதனால் சண்டையே இல்லை என்று நினைக்கவேண்டாம். 1883 ஈஸ்டர் ஞாயிறன்று இங்கேதான் பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் கலவரம் மூண்டது. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த பரதர்களும் கொழும்புச் செட்டிகளும் இன்று குடிசன மதிப்பீட்டில் தமிழருக்கு வெளியே தனி இனங்களாகக் கணக்கெடுக்கப்படுகிறார்கள். இது சிங்களமயமாதல் என்று திட்டுகிறவர்கள் உண்டு. எண்பத்து மூன்றுக்குப் பின் அப்படிப் பதியத் தோன்றியதை நான் குறை சொல்லமாட்டேன். 2001 கணக்கெடுப்பின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் சிங்களவரே பாதிக்குக் குறைவு. இந்த நகரத்தில் பெரும்பான்மை என்று ஒன்று இல்லை. நாட்டின் பெரும்பான்மை இங்கே வந்து ஆட்சி நடத்துகிறது.

2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். பலர் தங்கள் நாட்டிலேயே கொடுமைக்குத் தப்பி வந்த அஹமதியாக்கள். சிலரை வவுனியாவில் தங்கவைக்க முயன்றபோது அங்கும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. 2007இல் பஸ்களில் வந்த 376 பேரில் பெரும்பாலானோர் இறங்கிய அதே வவுனியாவில். 

ஐந்து ஆண்டுக்குப் பிறகு வேறொரு காட்சி. 2024 டிசம்பர் 19, முள்ளிவாய்க்கால் கடலில் மியன்மாரின் ரோஹிங்கியாக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் ஒரு படகு வந்து நின்றது, குழந்தைகளும் இருந்தார்கள். மீனவர்கள் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு போய்க் கொடுத்தார்கள். அரசு அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைத்தது. தங்கள் காணியைப் படையிடமிருந்து மீட்கக் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் வீதியில் குந்தியிருந்த இடம் அது. ஆட்கடத்தலாக இருக்கலாம், திருப்பி அனுப்பலாம் என்று அரச தரப்பில் பேச்சு எழுந்ததும், அனுப்பாதே என்று முல்லைத்தீவில் தமிழர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். 2017இல் கல்கிஸ்ஸையில் ஐ.நா. பொறுப்பிலிருந்த ரோஹிங்கியாக்களின் வீட்டைப் பிக்குகள் தலைமையில் ஒரு கும்பல் முற்றுகையிட்டதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கொழும்பில், வெள்ளவத்தை வரவேற்பறைகளில், பேச்சு இரண்டுபட்டது. எங்களுக்கே இன்னும் காணி கிடைக்கவில்லை, இதில் இவர்களுமா என்பது ஒன்று. எங்கள் பிள்ளைகள் 2010இல் ‘சன் சீ’ கப்பலில் கனடாவுக்குப் போனபோது 492 பேரையும் பயங்கரவாதிகள் என்று அங்கே சிலர் கத்தினார்களே, அது மறந்துவிட்டதா என்பது மற்றது. முதலாவது பேச்சைப் பேசுகிறவர்களின் வீட்டிலேயே ரொறன்ரோவில் ஒரு மகனும் லண்டனில் ஒரு மகளும் இருப்பார்கள். புகலிட விண்ணப்பத்தில் வாழ்க்கை தொடங்கியவர்கள். இதில் எனக்குச் சமநிலை கிடையாது. இரண்டாவது பக்கமே சரி.

சரி என்று சொல்வதோடு நின்றால் போதாது, சட்டத்துக்கு வரவேண்டும். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. இந்தியாவும் இல்லை, அதனால்தான் தமிழ்நாட்டு முகாம்களில் நாற்பது ஆண்டாக இருக்கும் நம்மவர்கள் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் இன்னும் வெளிநாட்டவர்கள். அவர்களுக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று கொழும்பிலிருந்து அறிக்கை விடும் தமிழ்க் கட்சிகள், இந்த நாட்டில் ஓர் அகதிகள் சட்டத்தைத் தனிநபர் பிரேரணையாகவாவது கொண்டுவரலாம். வந்தவர் மனு கொடுக்க ஓர் அலுவலகம், மனு முடியும்வரை அனுப்பாமலிருக்கும் உத்தரவாதம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு வேலை செய்ய அனுமதி. வாக்கு விழாது என்பது தெரிந்ததுதான். கேப்பாப்புலவில் வைக்கப்பட்டவர்களுக்கு வாக்கு இல்லை.